கருவியும் கைப்பழக்கமும்

குமரி மாவட்டத்தில் மார்த்தாண்டத்திற்கு அண்மையில் சிதறால் என்னும் சிற்றூர் உளது. தென்னையும் வாழையும் ரப்பர் மரங்களும் செறிந்த அவ்வூரின் அருகே எழுந்து நிற்கும் குன்றினைப் பழங்கல்வெட்டு திருச்சாரணத்துமலை என்று வழங்குகின்றது. மேலே ஏறிச் செல்வோர், பாறைச் சுவரில் வரிசையாகப் புடைத்து நிற்கும் தீர்த்தங்கரர் திருவுருவங்களைக் காண்பர். சமணத் துறவியர் தங்கித் தவம் புரிந்த இடம் அது. ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனது 28ஆம் ஆட்சியாண்டில், குணந்தாங்கிக் குரத்தியார் என்னும் பெண் துறவி அங்குள்ள பெண் தெய்வத்திற்குப் பொன்னணி வழங்கிய செய்தியை வட்டெழுத்துக் கல்வெட்டொன்று தெரிவிக்கின்றது. ஏறத்தாழ 1,100 ஆண்டுகட்கு முற்பட்ட அக்கல்வெட்டு, பொன் கொடுத்த அவ்வம்மையாரை அரட்டநேமி படாரரின் மாணாக்கியார் என்றே அறிமுகம் செய்கின்றது.

இன்னார் மாணாக்கர் என்று ஒருவரைச் சுட்டும் இம்மரபு இசையுலகில் இன்றும் மாறவில்லை. வித்துவான் ஒருவரை அவைக்கு அறிமுகம் செய்வோர், அவர் யாரிடம் பயின்றார் என்பதை முதலில் கூறுவர். அவர் கையிலுள்ள வீணை என்ன விலை பெறும் என்று கூறுவாரில்லை. ஆயினும் இசை பயிலத் தொடங்கும் இளைஞர் பலருக்கு முதலில் எழும் ஐயம் ஆசிரியரைப் பற்றியதன்று, கருவியைப் பற்றியதே. நல்ல கருவி வாங்குதல் பெரிதா, நாள்தோறும் பழகுதல் பெரிதா என்னும் வினாவுக்கு விடை எளிது போலத் தோன்றும். ஆராய்ந்து பார்ப்பின் அஃது அத்துணை எளிதன்று.

சிதறாலைச் சூழ்ந்த ஊர்களில் இசைக்குக் குறைவில்லை. கோயில் கொடை விழாக்களில் நாகசுரமும் வில்லுப்பாட்டும் ஒலிக்கும். தேவாலயங்களில் பாடற்குழுவினர் வயலினும் கீபோர்டும் இசைப்பர். அத்தகைய ஊர் ஒன்றில், ரப்பர் பால் வெட்டும் தொழிலாளி ஒருவரது குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். அவருடைய மகள் பள்ளி மாணவி; உறவினர் ஒருவர் கொடுத்த பழைய வயலினை வைத்துக்கொண்டு ஈராண்டாகப் பயின்று வருகின்றாள். “அப்பா, இதில் சுருதி நிற்கவில்லை, புதியது ஒன்று வாங்கித் தந்தால் நன்றாக வாசிப்பேன்” என்று ஒருநாள் அவள் கேட்கின்றாள். தந்தையார் மறுமொழி கூறவில்லை. மழைக்காலம் வந்துவிட்டது, மழை பெய்யும் நாளில் பால் வெட்டு இல்லை, வெட்டில்லாத நாளில் கூலியும் இல்லை. சீட்டுப் பணத்தை எடுப்பதா, கடன் வாங்குவதா என்று அவர் கணக்கிடுகின்றார். திண்ணையில் அமர்ந்திருந்த பாட்டியோ, “மக்களே, ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்” என்று சிரித்துக்கொண்டே கூறுகின்றார். மகளின் கண்கள் கலங்குகின்றன.

யார் கூற்று மெய்? பாட்டியினுடையதா, பேத்தியினுடையதா?

பாட்டியின் பக்கம் வலிமை மிகுதி. அதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. நாஞ்சில் நாட்டிலும் அதனைச் சூழ்ந்த பகுதிகளிலும் தலைமுறை தலைமுறையாக விளங்கிவரும் வில்லுப்பாட்டையே நோக்கலாம். வளைந்த வில் ஒன்று. அதில் கட்டிய மணிகள். நாணை அடிப்பதற்கு வீசுகோல் இரண்டு. வில்லோடு சேர்த்துக் கட்டிய மண்குடம் ஒன்று. உடுக்கை, தாளம், கட்டை. இவ்வளவே அக்குழுவினரின் செல்வம். இவற்றைக் கொண்டு அவர்கள் ஓர் ஊர் முழுவதையும் இரவெல்லாம் உறங்கவொட்டாமல் அமர்த்தி வைப்பர். சுடலைமாடன் கதையோ முத்துப்பட்டன் கதையோ தொடங்கிவிட்டால், தலைமைப் பாடகர் கதையின் ஒவ்வொரு கிளையையும் நினைவிலிருந்தே விரித்துச் செல்லல் வேண்டும். கேட்போர் சோர்வுறும் இடமறிந்து தாளத்தை முடுக்க வேண்டும்; அழவேண்டிய இடத்தில் குரலைத் தாழ்த்த வேண்டும்; பின்பாட்டுக்காரர் அவர் விட்ட சொல்லை அந்நொடியே பற்றிக்கொள்ள வேண்டும். குடம் உடைந்தால் மறுநாள் வேறு குடம் வாங்கலாம். கதை மறந்துபோயின் அதனை விற்கும் கடை எவ்வூரிலும் இல்லை.

நாகர்கோவிலைச் சார்ந்த ஒழுகினசேரியிற் பிறந்த கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் (1908–1957), திரைப்படத்தால் நாடறிந்தவரான பின்னர், காந்தியடிகளின் வரலாற்றை வில்லுப்பாட்டாக நிகழ்த்தினார். கோயில் முற்றத்துக் கலை நகரமேடைக்கு ஏறியது. மேடை புதிது, கதை புதிது, கேட்டவர்களும் புதியவர்கள். வில்லும் குடமும் மட்டும் பழையனவே.

இதே மாவட்டத்துச் சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலில், ஒரே கல்லிற் குடைந்த இசைத்தூண்கள் உள்ளன. தட்டினால் அவை வெவ்வேறு ஒலி எழுப்பும். குமரி மாவட்டத்தில் அவற்றினும் விலைமதிப்பரிய இசைப்பொருள் பிறிதொன்று உண்டோ என்பது ஐயமே. எனினும் அவற்றைத் தட்டிக் கேட்டு மகிழ்ந்தோர் எண்ணிறந்தோர். அவற்றின்பால் இருந்து ஓர் இராகத்தை விரித்துப் பாடச் செய்தோர் இலர். கல்லில் ஒலி இருக்கின்றது, பாட்டு இல்லை. அதனைச் செதுக்கிய சிற்பியின் கையிலே இருந்த பழக்கம் வியத்தற்குரியது என்பதோ வேறு செய்தி.

இனி, அம்மாணவி விரும்பிய வயலினுக்கே வருவோம். அது நம் நாட்டில் தோன்றிய கருவியன்று, ஐரோப்பியர் கொணர்ந்தது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பியாரான பாலுசுவாமி தீட்சிதர் (1786–1858), சென்னைக்கு அண்மையிலுள்ள மணலியில் வாழ்ந்த காலத்தில் ஐரோப்பியர் ஒருவரிடம் அதனைக் கற்றார். கடையில் விற்ற வயலினுக்குக் கமகம் தெரியாது. நின்றுகொண்டு தோளில் தாங்கி வாசிப்பதற்கு அமைந்தது அது. நம்மவர் தரையில் அமர்ந்து, அதன் தலைப்பகுதி வலக்காலின் மீது படியுமாறு சாய்த்து வைத்துக்கொண்டனர். அதனால் இடக்கை கருவியைத் தாங்கும் கடமையினின்று விடுபட்டுத் தந்தியின்மேல் வழுக்கி ஓடும் உரிமை பெற்றது. தந்திகளின் சுருதியைச் சட்சம், பஞ்சமம், சட்சம், பஞ்சமம் என மாற்றிக் கொண்டனர். ஐரோப்பியரின் விரல் ஒவ்வொரு சுரத்திலும் தனித்தனியே ஊன்றி நிற்க, நம்மவர் விரல் ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு அசைந்தும் உருண்டும் சென்றது. மரப்பெட்டியும் நான்கு தந்திகளும் வில்லும் மாறவில்லை, மாறியது கை. தோடியும் காம்போதியும் அந்தக் கையின் பழக்கத்தால் அப்பெட்டியினுள் குடியேறின.

தஞ்சை நால்வருள் ஒருவராகிய வடிவேலு (1810–1845) முத்துசுவாமி தீட்சிதரின் மாணாக்கர். வயலினில் பெரும்புகழ் ஈட்டியவர். சிதறால் உள்ளிட்ட நிலப்பகுதி 1956 நவம்பர் 1ஆம் நாள் சென்னை மாநிலத்தோடு இணைவதற்கு முன்னர், நெடுங்காலம் திருவிதாங்கூர் மன்னர் ஆட்சியில் இருந்தது. அம்மன்னருள் இசைப்புலமை மிக்கவரான சுவாதித் திருநாள், திருவனந்தபுரத்து அவையை அணிசெய்த வடிவேலுவுக்கு 1834ஆம் ஆண்டில் தந்தத்தாலான வயலின் ஒன்றைப் பரிசாக வழங்கினார். தந்த வயலின் கிடைத்தமையால் வடிவேலு சிறந்த கலைஞர் ஆனாரல்லர். சிறந்த கலைஞராய் இருந்தமையால் அது கிடைத்தது. இன்று கடைவீதியில் நிகழ்வது இவ்வரிசையின் தலைகீழ் மாற்றமே. புகழ்பெற்றோர் கையிலுள்ள கருவியின் பெயரைக் கேட்டு, அதனை முதலில் வாங்கிவிட்டால் ஏனையவை தாமே பின்தொடரும் என்று எண்ணுவோர் பலர்.

இதுகாறும் கூறியவை யாவும் பாட்டிக்கு ஆக்கம் தருவன. ஆயினும் அவர் கூறிய பழமொழி எல்லா இடத்தும் செல்லுமோ? கூடம் உண்மையிலேயே கோணலாய் இருந்ததும் உண்டு. அதனை உலகறியச் செய்தவர், ஆடத் தெரியாதவர் அல்லர், ஆடுவதில் தலைசிறந்தவர்.

நாகசுரச் சக்கரவர்த்தி என்று போற்றப்பெறும் திருவாவடுதுறை டி.என். இராசரத்தினம் பிள்ளை (1898–1956) இளமையில் முதற்கண் வாய்ப்பாட்டே பயின்றார். திருக்கோடிகாவல் கிருஷ்ண ஐயர் அவருக்கு ஆசிரியர். பின்னர் நாகசுரத்தைக் கையில் எடுத்தபோது, குரலில் தாம் அறிந்த இசை முழுவதும் குழலில் ஒலிக்க வேண்டும் என்னும் வேட்கை அவருக்கு இருந்ததில் வியப்பில்லை. அக்காலத்துப் பெருவழக்காய் இருந்தது திமிரி என்னும் குட்டையான நாகசுரம். குழாய் குறுகினால் அதனுள் அடங்கும் காற்றுத்தூணும் குறுகும். குறுகிய காற்றுத்தூண் விரைந்து அதிரும். விரைந்து அதிர்ந்தால் சுருதி உயரும். ஆகவே திமிரியின் ஒலி உச்சத்தில் நின்றது. கோயில் வீதிகளில் சாமி புறப்பாட்டின்போது நெடுந்தொலைவு கேட்பதற்கு அவ்வுரத்த ஒலி ஏற்றதாய் இருந்தது. ஆழ்ந்து நின்று இராகத்தை விரிப்பதற்கோ அத்துணை ஏற்றதாய் இல்லை.

அன்றியும் மற்றொரு குறை இருந்தது. சுத்த மத்திமம் என்னும் சுரம் அக்கருவியில் தன் தானத்தில் நேரே நில்லாது விலகி ஒலித்தது. நாகசுரத்தில் விரல் வைத்து வாசிக்கும் துளைகள் ஏழே. ஏனைய சுரங்களையும் கமகங்களையும் துளையைப் பாதி மூடியும், சீவாளியை உதட்டால் அழுத்தியும், மூச்சை ஏற்றியும் இறக்கியுமே பிறப்பிக்க வேண்டும். ஆதலால், விலகிய மத்திமத்தையும் தேர்ந்த வித்துவான்கள் உதட்டாலும் மூச்சாலும் இழுத்துப் பிடித்துச் சீர்செய்து கொண்டனர். கருவியின் குறையைக் கை மறைத்தது. அதுவும் பயிற்சியின் பெருமையே. ஆனால் இராசரத்தினம் பிள்ளையின் பெயரோடு பிரிக்கவொண்ணாதபடி இணைந்துவிட்ட இராகம் தோடி. தோடியில் வரும் மத்திமம் சுத்த மத்திமம். மணிக்கணக்கில் ஓர் இராகத்தை விரிப்பவருக்கு அதன் நடுநாயகமான சுரமே இடறுமானால் எவ்வாறு?

தஞ்சை மாவட்டத்து நரசிங்கம்பேட்டையில் இக்கருவியைச் செய்துவந்த ரங்கநாதன் ஆசாரி அக்குறையைத் தீர்த்தார். குழாயின் நீளத்தையும் உட்குடைவையும் துளைகளின் இடத்தையும் ஆராய்ந்து, நெடிய நாகசுரம் ஒன்றை அவர் உருவாக்கினார். பாரி நாகசுரம் என்பது அதன் பெயர். இரண்டு, இரண்டரைக் கட்டைச் சுருதியில் அது கம்பீரமாக ஒலித்தது. சுத்த மத்திமமும் தன் தானத்தில் நின்றது. இராசரத்தினம் பிள்ளை அதனை ஏற்று வாசித்து நாடெங்கும் பரப்பினார். அவர் பெயரை அறிந்தார் பலர். ஆசாரியின் பெயரை அறிந்தார் சிலரே. இசை வரலாறு எழுதுவோர் பலரும் உளி பிடித்த கைக்குரிய இடத்தை ஒரு வரியிற் கூறி அப்பாற் செல்வது நேரிய செயலன்று.

கருவி பெரிது என்பார்க்கு இஃதோர் ஒப்பற்ற சான்று. எனினும் ஆழ்ந்து நோக்கின், இது பயிற்சிக்கும் சான்றாதல் காணலாம். மத்திமம் ஒன்று மட்டும் விலகுகின்றது என்று கண்டறிய யாரால் இயலும்? தொடக்கநிலை மாணாக்கனுக்கு எல்லாச் சுரங்களும் விலகும். குற்றம் கருவியினதோ, தன் உதட்டினதோ, விரலினதோ, செவியினதோ என்று பிரித்தறிய அவனால் ஆகாது. ஏனைய சுரங்களையெல்லாம் ஐயமறத் தன்வயப்படுத்திய ஒருவனுக்கே, வயப்படாத ஒன்று தனித்துப் புலனாகும். கருவியின் குறையைக் காணும் கண் கடையில் கிடைப்பதன்று. பழகிப் பழகித் திறப்பது.

மேலும், பாரி நாகசுரம் வாசிப்போரின் உழைப்பைக் குறைத்ததா? நெடிய குழலை நிரப்ப மூச்சு மிகுதியாக வேண்டும். துளைகளின் இடைவெளி அகன்றமையால் விரல்கள் புதிதாக விரிந்து பழக வேண்டும். திமிரியில் தேர்ந்தவரும் பாரியைக் கையில் எடுத்த நாளில் மீண்டும் மாணாக்கர் ஆயினர். சிறந்த கருவி, அருமையைக் குறைக்கும் என்பது வாங்குவோரின் கனவு. பெரும்பாலும் அது புதிய அருமை ஒன்றைக் கொண்டுவந்து சேர்க்கும். இன்று பாரி நாகசுரம் பலர் கையிலும் உள்ளது. அவர்கள் வாசிக்கும் தோடி இராசரத்தினம் பிள்ளையின் தோடி ஆகிவிடவில்லை.

மைசூர் டி. சௌடையாவின் (1895–1967) வரலாறும் இவ்விடத்து எண்ணத்தக்கது. ஒலிபெருக்கி பரவாத காலத்தில், உரத்த குரலுடைய பாடகர்க்குப் பக்கத்தில் வயலின் ஒலி அமுங்கிப் போயிற்று. அவர் தம் வயலினில் மேலும் மூன்று தந்திகளைச் சேர்த்து ஏழு தந்தியாக்கினார். ஒலி பெருகியது, அவர் கையில் அது சிறந்தது. பிற வித்துவான்கள் பெரிதும் நான்கு தந்தியையே போற்றினர். ஏழு தந்தி என்பது அவர் கைக்கு எழுந்த தேவைக்கு அவர் கண்ட விடை. தேவை இல்லாதார்க்கு அவ்விடையால் என்ன பயன்? பெங்களூரில் அவர் நினைவாக வயலின் வடிவிலேயே ஒரு பெரிய மன்றம் எழுந்துள்ளது. அதன் கூரைமேல் இருக்கும் தந்திகளைக் காண்போர் எண்ணி மகிழலாம்.

எத்துணைப் பயிற்சியாலும் கடக்க முடியாத எல்லை சில கருவிகளுக்கு உண்டு என்பதையும் மறைத்தல் கூடாது. ஆர்மோனியத்தின் கட்டைகள் ஒவ்வொன்றும் ஒரே சுரத்தை நிலையாக ஒலிக்கும்; ஒரு சுரத்தினின்று மற்றொன்றுக்கு நெகிழ்ந்து செல்லும் கமகம் அதன்பால் பிறவாது. இதனை முதன்மையான குறையாகக் கூறி, அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை ஆர்மோனியத்தைத் தன் நிலையங்களில் ஒலிக்கவொட்டாது விலக்கி வைத்தது. எளிய கீபோர்டுக்கும் இவ்வெல்லை பொருந்தும். பாடற்குழுவின் பல குரல்களை ஒத்திசைத்துத் தாங்குவதற்கு அது மிக ஏற்றது. கமகம் செறிந்த இராகத்தை விரிப்பதற்கு ஏலாது. ஆகவே எவ்விசையைப் பயில விரும்புகின்றோம் என்று தெளிந்து அதற்குரிய கருவியைத் தேர்தல் இன்றியமையாதது. இது கருவியின் இனத்தைப் பற்றிய செய்தி, விலையைப் பற்றியதன்று. இவ்விரண்டையும் ஒன்றென மயங்குவதாலேயே பலர் பொருளை இழக்கின்றனர்.

விலைக்கும் இனிமைக்கும் உள்ள தொடர்பை அறிவியலார் ஆராய்ந்தும் பார்த்தனர். இத்தாலி நாட்டுக் கிரிமோனா நகரில் வாழ்ந்த ஸ்ட்ராடிவாரி (1644–1737) செய்த வயலின்கள் இன்று பெருஞ்செல்வர்க்கும் எட்டாத விலை உடையன. 2010ஆம் ஆண்டில் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில், தேர்ந்த வயலின் கலைஞர் 21 பேரிடம் 6 வயலின்கள் கொடுக்கப்பெற்றன. அவற்றுள் 3 பழைய இத்தாலிய வயலின்கள். 3 அண்மையிற் செய்தவை. பழையன மூன்றின் விலை புதியன மூன்றின் விலையைப்போல் ஏறத்தாழ நூறு மடங்கு. எது எதுவென்று தெரியாதபடி அறை இருளாக்கப்பட்டது. கலைஞர்கள் கறுத்த கண்ணாடி அணிந்தனர். பழைய மரத்தின் மணத்தால் கண்டுகொள்ளாதவாறு எல்லா வயலின்களிலும் நறுமணத் தைலம் தடவப்பெற்றது. வாசித்துப் பார்த்தோரால் பழையது இது, புதியது இது என்று நம்பத்தக்க வகையிற் பிரிக்க இயலவில்லை. எல்லாரினும் குறைவான விருப்பத்தைப் பெற்றது ஒரு ஸ்ட்ராடிவாரி வயலின். மிகுதியாக விரும்பப்பெற்றது ஒரு புதிய வயலின். 2012இல் பாரிசு நகரை அடுத்து நடந்த மற்றோர் ஆய்வில், புகழ்பெற்ற தனிக்கலைஞர் 10 பேருள் 6 பேர் புதியவற்றையே தமக்கு ஏற்றவையாகத் தேர்ந்தனர்.

இதனால் எல்லா வயலினும் ஒன்றே என்று கொள்ளலாகாது. அக்கலைஞர் ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்தது இது, பிடிக்காதது இது என்று உறுதியாகக் கூறினர். அவர்தம் செவிக்கு வேறுபாடு தெரிந்தது. ஆனால் செவி கண்ட வேறுபாடு விலைச்சீட்டிற் கண்ட வேறுபாட்டோடு ஒத்துச் செல்லவில்லை.

இப்பொழுது, சுருதி நிற்கவில்லை என்று கலங்கிய மாணவியின் முறையீட்டைக் கேட்கலாம். அவள் கூற்றை வெறும் சாக்கு என்று தள்ளிவிடுதல் தவறு. சுருதி நில்லாத கருவியில் பழகுவோர் செவி, பிழையான சுரத்தையே மெய்யான சுரமென்று பழகிக்கொள்ளும். பின்னர் அதனைத் திருத்துதல் பெரிதும் அரிது. தவறான பழக்கமும் பழக்கமே. அதுவும் உழைப்பால் ஆழமாக வேரூன்றும். பாட்டியார் இதனை எண்ணவில்லை. ஆயினும் மகள் கேட்ட மருந்து அந்நோய்க்கு உரியதன்று. பழைய வயலினில் சுருதி நில்லாமைக்குப் பெரும்பாலும் காரணம் எளியது: பிருடை தேய்ந்து வழுக்கியிருக்கும்; தந்தி பழுதுற்றிருக்கும்; குதிரை சாய்ந்திருக்கும். கைத்தேர்ந்தவர் ஒருவரிடம் காட்டிச் செப்பம் செய்தால், புதிய வயலினின் விலையில் சிறு பகுதியே செலவாகும். எஞ்சிய பொருள் ஆசிரியருக்குக் கொடுக்கும் மாதச் சம்பளமாகட்டும். விடியலில், தந்தையார் பால் வெட்டுக்குச் செல்லும் வேளையில் எழுந்து, தம்பூரா ஒலிக்கு முன்னே சரளி வரிசையை மூன்று காலத்திலும் பிசகின்றி வாசிக்க மகள் பழகட்டும். பிழை நேர்ந்த இடத்தை விட்டு ஓடாது, அவ்விடத்திலேயே நின்று மெதுவாகத் திருத்திக்கொள்வதே பழகுதல் எனப்படும். தொடக்கம் முதல் இறுதிவரை ஒரே பிழையோடு நூறு முறை வாசிப்பது அதனுள் அடங்காது.

ஆண்டுகள் சில சென்றபின், “இந்த வயலினில் மேல்தாயியில் பஞ்சமத்தைத் தொட்டால் ஒலி அடைக்கின்றது, வில்லை எப்படிப் போட்டும் திறக்கவில்லை” என்று அவள் கூறக்கூடும். அக்கூற்றில் குறை எது, எங்கே, எவ்வளவு என்பன தெளிவாக உள்ளன. தந்தையார் சீட்டுப் பணத்தை எடுக்க வேண்டிய நாள் அதுவே.

நரசிங்கம்பேட்டையில் நாகசுரம் செய்யும் தொழில் இன்றும் நடைபெறுகின்றது. பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும், நெடுங்காலம் காய்ந்து முதிர்ந்த ஆச்சா மரத்தையே அங்குள்ள ஆசாரிமார் விரும்பித் தேர்கின்றனர். 2022ஆம் ஆண்டில் அவ்வூர் நாகசுரத்திற்குப் புவிசார் குறியீடு வழங்கப்பெற்றது. கடைந்து, குடைந்து, துளையிட்டு முடித்த குழலில், விரல் வைக்கும் ஏழு துளைகளுக்குக் கீழே வேறு ஐந்து துளைகளும் உள்ளன. அவற்றின்மேல் விரல் படுவதில்லை. வாங்கிச் சென்றவர் தம் மூச்சுக்கும் செவிக்கும் ஏற்பச் சுருதி சேரும்வரை அவற்றை மெழுகால் சிறிது சிறிதாக அடைத்துக்கொள்வார்.